யானையை விழுங்கும் திமிங்கலமா?
"நீலத் திமிங்கலம் முதுமலை யானையை அப்படியே முழுங்கிவிடும்" என்று மேலே ஒரு அண்ணன் படத்தோடு போட்டிருக்கிறார். கூடலூரில் பாதிப் பேருக்கு அது ஃபார்வர்டு ஆகிவிட்டது போல. பெரிய பிராணி என்பது சரி. 30 மீட்டர் நீளம் வரை வளரும், எடை 150 டன்னைத் தாண்டும். முதுமலையின் பெரிய கொம்பன்கூட 4, 5 டன்தான்.

ஆனால் வாய்தான் பெரிது, தொண்டை குறுகல். யானை என்ன, ஒரு ஆளே உள்ளே இறங்க முடியாது. பல்லும் கிடையாது. மேல்தாடையின் ஒவ்வொரு பக்கமும் சுமார் 300 கருப்புத் தகடுகள் தொங்கும். நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின்தான். அவற்றின் உள் ஓரம் நார் நாராகப் பிரிந்திருக்கும். கிரில் என்கிற, விரலளவே உள்ள இறால் மாதிரி உயிரிகளின் கூட்டத்தைக் கண்டால் வாயைப் பிளந்துகொண்டு பாயும். தாடையிலிருந்து தொப்புள் வரை மடிந்து கிடக்கும் தோல் விரிய, டன் கணக்கில் தண்ணீர் புகும். அப்புறம் நாக்கால் தள்ளி அதை வெளியேற்றும்போது, வடிகட்டியில் டீத்தூள் நிற்கிற மாதிரி கிரில் மட்டும் தங்கிவிடும்.

அவ்வளவு தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் எப்படிப் போகாமல் இருக்கிறது? இதன் நெருங்கிய உறவான ஃபின் திமிங்கலத்தின் வாய்க்குப் பின்னால், கொழுப்பும் தசையும் சேர்ந்த ஒரு அடைப்பான் இருப்பதை 2022இல் ஆய்வாளர்கள் விவரித்தார்கள். எனக்கு யானைக் கதையைவிட இதுதான் ஆச்சரியம்.

பெரிய கணவாயை விழுங்குவது ஸ்பெர்ம் திமிங்கலம். அண்ணன் போட்ட படத்தில் இருப்பதும் அதுதான், கீழ்த்தாடையில் பல்வரிசையைப் பாருங்கள்.