கண்ணாடிக் கூரையும் ஆடிக்காற்றும்

அண்ணாச்சி, புறவாசலில் கூரையாக நிறமில்லாத பாலிகார்பனேட் ஷீட் (கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் தகடு) போட்டால் போதும், நெல்லையில் பன்னிரண்டு மாதமும் சுகமாக உட்காரலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். மழைக்கு வேண்டுமானால் சரி. வெயிலுக்கு நேர்மாறு.

நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒன்பது பாகைக்குள் இருக்கிறது. சித்திரை பிறக்கும் சமயத்தில் உச்சிவெயில் கிட்டத்தட்ட நேர் தலைக்கு மேல். அந்த ஷீட் வெளிச்சத்தை உள்ளே விடும், தரையிலிருந்து எழும் வெப்பத்தை வெளியே விடாது. பாளையங்கோட்டையில் எங்கள் மாமா இதைத்தான் போட்டார். மதியம் மூன்று மணிக்கு ஊஞ்சல் சங்கிலியைத் தொட முடியாது. இப்போது மேலே ஓடு வேய்ந்து, உச்சியில் அனல் வெளியேற இடைவெளி விட்டிருக்கிறார்.

அப்புறம், ‘தென்மேற்குப் பருவத்தில் மழை சாத்தும், மேற்கே சுவர் எழுப்புங்கள்’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த மழை மலையிலும் குற்றாலம் பக்கமும் நின்றுவிடும். டவுனுக்கு வருவது காற்றும் புழுதியும்தான். சுவர் வைத்தால் காற்றே போச்சு. திறந்து மூடும் மரச் சட்டம் வையுங்கள். ஷீட்டே போடுவதானாலும் ஓரங்களை இறுக்காவிட்டால் ஆனி, ஆடியில் ராத்திரி முழுக்கப் படபடவென்று அடிக்கும், தூங்க முடியாது.

நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். மார்கழி பிறந்த பிறகும் வரும்; 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் மறந்திருக்காது. லட்சக்கணக்கில் கொடுத்து சோபா வாங்குமுன் தரையை உயர்த்துங்கள், பிளக் பாயிண்டை இடுப்புக்கு மேல் வையுங்கள்.