மாடியில் வைத்தால் சோலார், தரையில் வைத்தால் தொழிற்சாலையா?

மூன்று கிலோவாட் சோலாருக்கு அனுமதி கேட்டு நாலு மாதமாக அலைகிறேன். மெகாவாட் இல்லை சாமி, கிலோவாட். ஆறேழு பேனல், ஒரு இன்வெர்ட்டர், சுமார் முந்நூறு சதுர அடி இடம். நல்ல வெயிலில் நாளைக்குப் பன்னிரண்டு யூனிட் வரும், எங்கள் வீட்டுக்கு அது தாராளம்.

தர்மபுரி பக்கம்தான் வீடு, ஊர்ப் பெயர் வேண்டாம். பேனலை மாடியில் வைக்கவேண்டியதுதானே என்பீர்கள். வீட்டுக்குத் தெற்கே தாத்தா வைத்த புளியமரம் நிற்கிறது. நம் ஊரில் பேனலைத் தெற்குப் பார்த்து லேசாகச் சாய்த்து வைப்பார்கள், அந்தத் தெற்கையே மரம் அடைத்துக்கொண்டிருக்கிறது. மார்கழி, தையில் சூரியன் தெற்கே இறங்கிப் போகும்போது பாதி மாடி நிழல், ஒரு பேனல்மேல் நிழல் விழுந்தாலே அந்த வரிசை முழுக்கப் படுத்துவிடும் என்று சோலார் போடும் தம்பி முதல் நாளே சொல்லிவிட்டான். ஆனால் வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர் எங்கள் நிலமே சும்மா கிடக்கிறது. பாறையும் வேலிக்காத்தானும் தவிர அங்கே எதுவும் வராது, வெயில் மட்டும் காலையிலிருந்து சாயந்திரம் வரை கொட்டுகிறது. அங்கே நாலு கம்பி நட்டு வைத்துவிடலாம் என்று நினைத்தேன், தப்பு என்னுடையதுதான். அனுமதி கேட்டுப் போன முதல் ஆபீசிலேயே சொன்னார்கள்:

"அது புஞ்சைங்க. விவசாய மண்டலத்துல வருது. அங்க மின் உற்பத்தின்னா நில உபயோக மாற்றம் வேணும்."

மின் உற்பத்தியாம்! என் வீட்டு மிக்ஸி ஓட்டுவதற்குப் பெயர் மின் உற்பத்தி. சரி, எந்த விதியில் அப்படி இருக்கிறது, எழுதிக் கொடுங்கள் என்றேன். இன்னொரு ஆபீசைக் காட்டி அங்கே போய்க் கேளுங்கள் என்றார்கள். அங்கே போனால், இது எங்களுக்கு வராது, மின்வாரியத்தில் கேளுங்கள். மின்வாரியத்தில், இடத்துக்கு அனுமதி கொண்டு வாருங்கள், அப்புறம் மீட்டர் பேசலாம். மூன்று இடத்திலும் வாயால் சொல்கிறார்கள், ஒருத்தரும் கையெழுத்துப் போட்டுச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். முடியாது என்றாவது ஒரு தாள் கொடுத்தால் மேல்முறையீடு செய்துவிட்டுப் போவேன்.

இதையே மாடியில் வைத்தால் கதையே வேறு. 10 கிலோவாட் வரைக்கும், லைன் தாங்குமா என்று பார்க்கும் சாத்தியக்கூறு ஆய்வே வேண்டாம் என்று 2024ல் மத்திய அரசு விதியைத் திருத்தியது. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியமும் உண்டு. அது கூரைக்கான திட்டம், எனக்கு வராது, புரிகிறது, மானியம் போனால் போகட்டும். என் காசில் என் நிலத்தில் வைக்கத்தானே கேட்கிறேன். மின் நிலையம் அமைக்க உரிமமே தேவையில்லை என்று 2003 மின்சாரச் சட்டம் சொல்கிறது, அது பெரிய கம்பெனிக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

எனக்கு வயிறு எரிவது இங்கேதான். குசும் திட்டம் என்று ஒன்றை 2019ல் மத்திய அரசு கொண்டுவந்தது. அதில் விவசாயி தன் தரிசு நிலத்தில் 500 கிலோவாட்டிலிருந்து 2 மெகாவாட் வரை சோலார் நிலையமே அமைத்து மின்சாரத்தை விற்கலாம், வாருங்கள் வாருங்கள் என்று அரசே கூப்பிட்டது. 2 மெகாவாட் என்றால் என்னுடையதைப் போல அறுநூற்றுக்கும் மேலே. அத்தனை பேனலை அதே மாதிரி மேட்டு நிலத்தில் பரப்பலாமாம், ஏழு பேனல் வைத்தால் மட்டும் விவசாயம் கெட்டுப்போய்விடுமாம். ராமநாதபுரம் பக்கம் கமுதியில் 648 மெகாவாட் சோலார் நிலையம் நிற்கிறதே, அது என்ன மொட்டை மாடியிலா நிற்கிறது?

பக்கத்துக் காட்டுக்காரர் கோழிப் பண்ணைக் கொட்டகை போட்டிருக்கிறார், அந்தாண்டை ஒருத்தர் செங்கல் அறுக்கிறார், யாரும் வந்து மண்டலம் கிண்டலம் என்று கேட்டதாகத் தெரியவில்லை. அவர்களைக் கேளுங்கள் என்று சொல்லவில்லை, பிழைத்துப் போகட்டும். ஆனால் சத்தமும் புகையும் இல்லாமல் வெயிலில் கிடக்கப்போகிற நாலு கண்ணாடிப் பலகைக்கு மட்டும் ஏன் இவ்வளவு ஆராய்ச்சி? இத்தனை கிலோவாட்டுக்குக் கீழே, சொந்த வீட்டு உபயோகத்துக்கு, மாடியானாலும் தரையானாலும் ஒன்றுதான் என்று ஒரே ஒரு வரி எழுத எத்தனை வருஷம் ஆகும்?

போன வாரம் மறுபடியும் அந்த முதல் ஆபீசுக்குப் போனேன். அங்கே வேலை பார்ப்பவர் ஒருத்தர், உள்ளூர்க்காரர், நல்ல மனுஷர்தான், டீ வாங்கிக் கொடுத்து மெதுவாக ஒரு யோசனை சொன்னார்: "எதுக்குங்க இந்த அலைச்சல், அந்தப் புளியமரத்த வெட்டிட்டு மாடியிலயே போட்டுக்குங்க. மானியமும் வந்துரும்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். போன மாசியில் அந்த மரத்துப் புளியைத்தான் கொட்டை எடுத்து அவர் வீட்டுக்கு இரண்டு கிலோ கொடுத்தனுப்பினோம் என்றாள்.