தைத்த கண்ணைப் படம் பிடித்தவர்களுக்கு

எந்தப் படம் என்று நான் சொல்லத் தேவையில்லை. நேற்று முழுக்க மட்டக்களப்பில் எல்லோருடைய கைபேசியிலும் அதுதான். ஒரு கண் தைத்து மூடியபடி வைத்தியசாலைக் கட்டிலில் படுத்திருந்த தாயின் முகத்தை மறைக்கக்கூட ஒருவருக்கும் மனம் வரவில்லை. "கட்டியை வெட்டப் போனவரின் கண்ணையே தைத்துவிட்டார்கள்" என்று தலைப்பு வேறு.

தைத்துத்தான் மூடுவார்கள் ஐயா. அதுதான் சிகிச்சை. புற்றுநோய்க்காகக் கீழ் இமையில் பாதிக்கு மேல் வெட்டி எடுத்தால், மேல் இமையின் உட்புறத்தில் ஒரு பகுதியை முழுதாக அறுக்காமல் கீழே இறக்கிப் பொருத்தி, அதன்மேல் தோல் வைத்துத் தைப்பார்கள். புது இமைக்கு இரத்தம் மேலிருந்துதான் வரவேண்டும். ஆகவே சில வாரங்களுக்குக் கண் மூடியே இருக்கும். பிறகு பிரித்துத் திறப்பார்கள். ஹியூஸ் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1937 இல் எழுதிவைத்த முறை இது. நம் முகநூல் நிபுணர்களுக்குத்தான் இன்னும் வந்து சேரவில்லை.

"வைத்தியர்கள் தவறே செய்வதில்லையா?" என்பீர்கள். செய்கிறார்கள். கொக்கட்டிச்சோலையில் என் மாமிக்கு மேல் இமையில் கண்கட்டி வந்தது. உடம்புச் சூடு என்றோம். ஒரு தனியார் இடத்தில் சுரண்டி எடுத்து, துண்டைக் குப்பையில் போட்டார்கள். அதே இடத்தில் மறுபடியும் வந்தது. அந்த இடத்து இமை மயிர் மட்டும் உதிர்ந்திருந்ததை இன்னொரு வைத்தியர்தான் கவனித்து, துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பினார். இமையின் எண்ணெய்ச் சுரப்பியில் வரும் புற்று. கண்கட்டி வேடத்தில்தான் வருமாம். வயதானவருக்கு அதே இடத்தில் திரும்ப வந்தால் துண்டைப் பரிசோதிக்காமல் விடக்கூடாது. அந்தக் குப்பைத்தொட்டியைப் பற்றிப் பதிவு போட ஒருவரும் வரவில்லை. படம் எடுக்க அதில் என்ன இருக்கிறது?

மாமிக்குப் புற்று மேல் இமையில் என்பதால், கீழ் இமையிலிருந்து ஒரு பகுதியை மேலே ஏற்றிப் பொருத்தினார்கள். அவருக்கும் கண் தைத்தேதான் இருந்தது. திறந்தார்கள். பார்க்கிறார், அரிசியில் கல் பொறுக்குகிறார்.

"உங்களுக்கு வைத்தியசாலைக்குள் ஆள் இருக்கிறது, அதுதான் பேசுகிறீர்கள்" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். எனக்கு அங்கே தெரிந்த ஒரே ஆள் வாசல் காவலாளி. அவரும் ஏசுவார்.

கண் திறந்த பிறகு ஒரு கலியாண வீட்டுக்குப் போனோம். இமையில் மயிர் இல்லை, தழும்பு தெரியும். குடும்பப் படம் எடுக்கும்போது, "அம்மா, நீங்கள் கொஞ்சம் பின்னால் நில்லுங்கள்" என்றார் படம் எடுத்தவர். சொந்தக்காரர் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மாமி பின்னால் போய் நின்றார். அதன்பிறகு எந்தக் கலியாணத்துக்கும் அவர் வருவதில்லை. தைத்த கண்ணைப் பார்த்து இரக்கப்படும் ஊர் இதுதான்.

படத்தை நீக்கச் சொல்லி உள்பெட்டியில் எழுதினேன். "விழிப்புணர்வுக்காகப் போட்டோம் அண்ணன்" என்று பதில் வந்தது. விழிப்புணர்வாம். அந்தத் தாய்க்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களும் முகநூல் பார்ப்பவர்கள்தான்.