கதையை முடித்துவிட்டுப் புரோகிராமரைக் கூப்பிடாதீர்கள்

ஆடுகிறவரின் தேர்வுக்கேற்பக் கதை மாறும் ஊடாடும் கதை விளையாட்டுகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "கலைஞர் உயிர் கொடுக்கிறார், தொழில்நுட்பக்காரர் உடல் கொடுக்கிறார்" என்று யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு உடன்பாடில்லை. இந்த வகை கேமில், எதைச் செய்தால் என்ன நடக்கும் என்ற விதிமுறையும் கதைதான். அந்த விதிமுறையை எழுதுகிறவரும் கதாசிரியர்தான்.

ஒரு சின்னக் காட்சியை எடுத்துக்கொள்வோம். பல வருடம் பேசாமல் இருந்த இரண்டு நண்பர்கள் சந்திக்கிறார்கள். ஒருவன் கேட்கிறான்: "நான் போட்ட கடிதம் வந்ததா?" எழுத்தாளர் மூன்று பதில்கள் எழுதித் தருகிறார்: வந்தது, வரவில்லை, எந்தக் கடிதம்? புரோகிராமர் கேட்கிறார்: "ஆடுகிறவர் எதையும் தொடாமல் சும்மா இருந்தால்?" அவருக்கு அது விடுபட்டுப்போன ஒரு நிலை, அதற்கும் நிரல் எழுதியாக வேண்டும், அவ்வளவுதான். எழுத்தாளருக்கோ அங்கேதான் காட்சியே திறக்கிறது. எட்டு விநாடி மௌனம். நண்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சரி, விடு" என்கிறான். அந்த மௌனத்தை ஒரு மாறியில், அதாவது நிரல் தகவலை நினைவில் வைத்துக்கொள்ளும் இடத்தில், குறித்துவைத்தால் போதும். கதையின் கடைசிக் கட்டத்தில் அவன் உதவிக்கு வராமல் போக அதுவே காரணமாகிவிடும். இப்போது சொல்லுங்கள், இந்தக் காட்சி யாருடையது?

முழுக்கதையையும் முடித்துவிட்டு, "இதை கேமாக்கிக் கொடுங்கள்" என்று நீட்டினால் இந்தக் கேள்வி எழவே எழாது. எழுந்தாலும் அதற்குள் நேரமும் பணமும் தீர்ந்திருக்கும்.

கணக்கும் இருக்கிறது. ஒவ்வொரு தேர்விலும் இரண்டு வழி, எதுவும் திரும்பச் சேராது என்றால், பத்தாவது தேர்வு முடியும்போது 1,024 கதைகள். யார் எழுதுவது, யார் வரைவது? 1967 மாண்ட்ரியல் உலகக் கண்காட்சியில், செக் நாட்டு இயக்குநர் ராடூஸ் சின்செரா 'கினோ-ஆட்டோமேட்' படத்தைக் காட்டினார். பார்வையாளர்கள் பொத்தானை அழுத்தி வாக்களிப்பார்கள். எந்தப் பக்கம் ஜெயித்தாலும், அடுத்த வாக்கெடுப்புக்குள் கதை ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்துவிடும். ஏமாற்று வேலை என்று தோன்றலாம். ஆனால் இன்றைய கேம்களிலும் பாதைகள் இப்படித்தான் பிரிந்து சேர்கின்றன. கூடுதலாக, நீங்கள் செய்ததை அவை நினைவில் வைத்திருக்கும். எதை நினைவில் வைப்பது, எதை மறப்பது என்பதை இரண்டு தரப்பும் சேர்ந்துதான் முடிவு செய்ய முடியும்.

எனக்குப் பிடித்த உதாரணம் 2005இல் வெளிவந்த 'ஃபசாட்' என்ற கேம். மைக்கேல் மேடியஸும் ஆண்ட்ரூ ஸ்டெர்னும் உருவாக்கியது. மனக்கசப்பில் இருக்கும் ஒரு தம்பதியின் வீட்டுக்கு நீங்கள் விருந்தாளியாகப் போகிறீர்கள். என்ன வேண்டுமானாலும் தட்டச்சு செய்து பேசலாம். அன்றைய கணினிக்கு அதில் பாதி புரியாது. அதை உருவாக்கிய இருவரும் என்ன செய்தார்கள் தெரியுமா? தம்பதியைத் தங்கள் சண்டையிலேயே மூழ்கியவர்களாக எழுதினார்கள். நீங்கள் சொன்னது காதில் விழாவிட்டால் இயந்திரத்தைக் குறை சொல்லத் தோன்றாது, "இவங்க இப்படித்தான்" என்று விட்டுவிடுவோம். இந்த யோசனை எழுத்தாளர் மூளையில் உதித்ததா, பொறியாளர் மூளையிலா என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

பழி எழுத்தாளர்கள் மேல் மட்டும் இல்லை. புதிய கருவி கிடைத்த உற்சாகத்தில், அதைக் காட்சிக்கு வைக்க ஒரு கதையைத் தேடும் தொழில்நுட்பக்காரர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தக் கதைகளைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

"அப்போ நான் கோடிங் படிக்கணுமா?" என்று கேட்கும் எழுத்தாள நண்பர்களுக்கு: முழுசாக வேண்டாம். கிளைக்கதை எழுத உதவும் கருவிகள் இருக்கின்றன. 2009இலிருந்து ட்வைன் இலவசமாக இருக்கிறது. இங்க் 2016இல் திறமூலமாகிவிட்டது, அதாவது அதன் நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. எதிலாவது சின்னதாக ஒரு கிளைக்கதை எழுதிப் பாருங்கள். அப்புறம் "இங்கே சோகம் வேண்டும்" என்று சொல்ல மாட்டீர்கள், "அவள் முன்பு பொய் சொல்லியிருந்தால் மட்டும் இந்த வரி வரட்டும்" என்பீர்கள். புரோகிராமரை முதல் வாசிப்பிலேயே உட்கார வையுங்கள். கேம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, 'கதை' என்ற தலைப்பின் கீழ் அவர் பெயரும் வரட்டும். பலர் கூச்சப்பட்டு வேண்டாம் என்பார்கள். இருந்தாலும் போடுங்கள்.