போக்கராவில் பொது அறையே நல்லது
மலையேறப் போகிறவர்கள் ஹாஸ்டலைத் தவிர்த்துத் தனியறை எடுப்பதே மேல் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு இதில் உடன்பாடில்லை. நேபாளத்தின் போக்கரா ஏரிக்கரையில், ஒரு ஹாஸ்டலில் எட்டுப் பேர் படுக்கும் பொது அறையில் நான்கு இரவு தங்கினேன். அன்னபூர்ணா மலையின் அடிவார முகாமிலிருந்து அன்றுதான் இறங்கியிருந்த ஒரு பெண், முகாமுக்குப் போகும் வழியிலுள்ள தேவுராலிக்கு மேலே பனிச்சரிவு அபாயமுள்ள பகுதியை விடியற்காலையிலேயே கடந்துவிடச் சொன்னார். மிச்சமிருந்த தண்ணீர் சுத்திகரிப்பு மாத்திரைகளையும் கையில் கொடுத்துவிட்டுப் போனார். போக்கராவின் உயரம் சுமார் 820 மீட்டர், முகாமோ 4,130 மீட்டர். அந்த உயரத்துக்கு உடம்பு பழக வழியில் எங்கே ஒரு நாள் கூடுதலாக நிற்பது என்பதைத் தனியறையில் யார் சொல்வார்கள்? தூக்கம் கெடும், உண்மைதான். காதுக்குப் பஞ்சு எடுத்துப் போங்கள். பெரிய பையை ஹாஸ்டலிலேயே விட்டுவிட்டு ஏறலாம். பாஸ்போர்ட்டும் பணமும் மட்டும் உங்களோடு இருக்கட்டும்.