தள்ளுபடி ஆன மனு எல்லாம் பொய் மனுவா?

அண்ணனின் அந்தப் பதிவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பெயர் சொல்லப்போவதில்லை. கெட்டோ என்பது இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த நகரப் பகுதி; அங்கே வேலை பார்த்தவர்களுக்கு ஜெர்மனி கொடுப்பதுதான் கெட்டோ பென்ஷன். "கெட்டோ பென்ஷனுக்கு எழுபதாயிரம் பேர் மனுப் போட்டார்கள், நூற்றுக்குத் தொண்ணூறை ஜெர்மன்காரனே தூக்கி எறிந்துவிட்டான், அப்புறம் என்ன, அத்தனையும் பொய்தான்" என்று எழுதி, கடைசியில் சிரிப்புக்குறி வேறு. லைக் போட்டவர்களில் நான் மிகவும் மதிக்கும் நாலைந்து பேர் இருக்கிறார்கள். அதுதான் வலிக்கிறது.

எண்களில் தவறு இல்லை. சுமார் எழுபதாயிரம் மனுக்கள் போனது உண்மை. ஆரம்ப ஆண்டுகளில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி ஆனதும் உண்மை. ஆனால் மனு தள்ளுபடி ஆனால் மனுதாரர் பொய் சொன்னார் என்று ஆகாது. ஏன் தள்ளுபடி ஆனது என்று பார்க்க வேண்டும். பார்த்தால் குறை எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

முதலில் இது என்ன பணம்? பலரும் நினைப்பதுபோல் நஷ்டஈடு இல்லை. நஷ்டஈட்டுக்கு மேற்கு ஜெர்மனியில் 1950-களிலேயே தனிச் சட்டம் இருந்தது. அதில், அடைபட்டுக் கிடந்த ஒவ்வொரு நாளுக்கும் 5 மார்க், மாதத்துக்கு 150 மார்க். கெட்டோ பென்ஷன் வேறு வகை. ஜெர்மனியில் ஒரு தொழிலாளி வயதான பிறகு வாங்கும் அதே சாதாரண முதியோர் பென்ஷன்தான். 1997 ஜூன் 18 அன்று காசல் நகரில் இருக்கும் கூட்டாட்சி சமூக நீதிமன்றம் (பென்ஷன், காப்பீட்டு வழக்குகளுக்கான மேல்மட்ட நீதிமன்றம்), போலந்தின் லோட்ஸ் நகரக் கெட்டோவில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் வழக்கில், அந்த வேலையும் காப்பீட்டுக்கு உட்பட்ட வேலைதான் என்று தீர்ப்புச் சொன்னது. அதை வைத்து 2002-ல் சட்டம் வந்தது. உழைத்தார்கள், கூலி உண்டு, ஆகவே பென்ஷன் உண்டு. யாரும் யாருக்கும் தர்மம் செய்யவில்லை.

லோட்ஸில் என்ன வேலை என்று தெரிந்துகொள்ளுங்கள். 1940-ல் சுமார் 1,60,000 பேரை அங்கே முள்வேலிக்குள் அடைத்தார்கள். உள்ளே பட்டறைகள். 'ரெசார்ட்' என்று அவர்கள் சொல்வார்கள். ராணுவச் சீருடை தைக்கும் பட்டறை, தோல் பட்டறை, தச்சுப் பட்டறை என்று நூறு வரை பெருகின. கிழக்குப் போர்முனையில் பனியில் நிற்கும் ஜெர்மன் சிப்பாய்களுக்கு வைக்கோல் செருப்பு செய்ய ஒரு பட்டறை. வைக்கோலைச் சடையாகப் பின்னி, அந்தச் சடையைச் சுற்றிச் சுற்றித் தைத்து, பூட்ஸுக்கு மேல் மாட்டும் அளவுக்குப் பெரிய செருப்பாக ஆக்க வேண்டும். பிள்ளைகளும் செய்தார்கள். கூலி கெட்டோவுக்குள் மட்டும் செல்லுபடியாகும் நோட்டில். பட்டறையில் ஒரு வேளை சூப். வேலை அட்டை இருந்தால் ரேஷன். எல்லாவற்றுக்கும் மேல், வேலை அட்டை இருப்பவரை நாடுகடத்தும் பட்டியலில் சேர்க்கத் தயங்குவார்கள் என்ற நம்பிக்கை. 1942 செப்டம்பரில் பத்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள், அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள், நோயாளிகள் என்று பதினைந்தாயிரம் பேருக்கு மேல் பிடித்துக்கொண்டுபோய் ஹெல்ம்னோ என்ற கொலை முகாமில் கொன்றார்கள். அதனால் ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் பன்னிரண்டு என்று சொல்லி அட்டை வாங்கினார்கள்.

இப்போது 2002 சட்டத்துக்கு வாருங்கள். அதில் இரண்டு நிபந்தனைகள். வேலையைத் தன் சொந்த முடிவில் ஏற்றிருக்க வேண்டும். கூலி வாங்கியிருக்க வேண்டும். படிக்க எளிது. அறுபது வருடம் கழித்து, எண்பது வயதில், டெல் அவிவில் சமையலறை மேசையில் உட்கார்ந்து அந்தப் படிவத்தை நிரப்பிப் பாருங்கள். வேலை எப்படிக் கிடைத்தது? சொந்த முயற்சியிலா, யூதர் சபை (கெட்டோ நிர்வாகத்துக்காக ஜெர்மன்காரர்கள் வைத்த சபை) ஒதுக்கியதா? வேலைக்குப் போகும் வழியில் காவல் இருந்ததா? எவ்வளவு கூலி, எந்தக் காசில்?

இங்கேதான் மனு கவிழும். 'சபை ஒதுக்கியது' என்று எழுதினால் சொந்த முடிவு இல்லை, தள்ளுபடி. 'போகும்போதும் வரும்போதும் காவல் இருந்தது' என்றால் அது கட்டாய வேலை, தள்ளுபடி. கூலி என்ற இடத்தில் 'சூப்பும் ரொட்டியும்' என்று எழுதினால் அது வெறும் சோறு, கூலி ஆகாது, தள்ளுபடி. மூன்றும் உண்மையான பதில். உண்மையைச் சொன்னதற்காகவே தள்ளுபடி ஆன மனுக்கள் இவை. இவர்களைத்தான் அண்ணன் பொய்யர்கள் என்கிறார்.

"சரி, பழைய வாக்குமூலத்துக்கும் புதிய வாக்குமூலத்துக்கும் முரண்பாடு இருந்ததே, அதற்கு என்ன பதில்" என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. அதிகாரிகள் 1950-களின் நஷ்டஈட்டுக் கோப்பை எடுத்து வந்து புதிய மனுவோடு ஒப்பிட்டார்கள். பழைய கோப்பில் 'கட்டாய வேலை செய்தேன்' என்று இருக்கும். புதியதில் 'நானே தேடிப்போய் வேலையில் சேர்ந்தேன்' என்று இருக்கும். முரண்பாடு என்று முத்திரை குத்திவிட்டார்கள். ஆனால் பழைய சட்டம் கேட்டது சுதந்திரம் பறிபோனதைப் பற்றி. அங்கே வற்புறுத்தல்தான் பேச்சு. கூலி எவ்வளவு என்று அந்தச் சட்டத்துக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. வக்கீல் அலுவலகத்தில் நாலு வரியில் ஜெர்மனில் தட்டச்சு செய்துகொடுத்ததில் கையெழுத்துப் போட்டவர்கள் ஏராளம். ஒரே ஆள், ஒரே பட்டறை, இரண்டு சட்டம், இரண்டு கேள்வி. பதில் வேறுபடாமல் எப்படி இருக்கும்? வயது விஷயமும் அப்படித்தான். கெட்டோ பதிவேட்டில் ஒரு பிறந்த வருடம், பிறகு வாங்கிய பாஸ்போர்ட்டில் வேறொன்று. உயிர் பிழைக்கக் கூட்டிச் சொன்ன வயது அது.

மேல்முறையீட்டில் என்ன நடந்தது? இஸ்ரேலில் வசிப்பவர்களின் மனுக்கள் டுசல்டார்ஃப் பென்ஷன் அலுவலகத்துக்குப் போகும். மறுத்தால் அங்குள்ள சமூக நீதிமன்றம், அதற்கு மேல் எஸ்ஸன் நகரில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம். பெரும்பாலான வழக்குகள் மனுதாரரின் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தை வைத்தே முடிந்தன. எஸ்ஸனில் யான்-ராபர்ட் ஃபொன் ரெனெஸ்ஸ என்று ஒரு நீதிபதி. இப்படி முடிக்கக் கூடாது என்று அவர் இஸ்ரேலுக்கே போனார், திரும்பத் திரும்பப் போனார், முதியவர்களை எதிரே உட்காரவைத்துக் கேட்டார். கெட்டோக்களைப் பற்றி ஆய்வு செய்த வரலாற்றாசிரியர்களிடம் அறிக்கை கேட்டார். நேரில் கேட்டபோது படிவத்தில் இல்லாதது எல்லாம் வந்தது: யார் சிபாரிசில் வேலை கிடைத்தது, மேஸ்திரி யார், கூப்பன் என்ன நிறம். அந்த நீதிபதிக்குக் கிடைத்த மரியாதை என்ன தெரியுமா? 2012-ல் நாடாளுமன்றத்துக்கு மனுப் போட்டு, நீதித்துறை இந்த வழக்குகளை நடத்திய விதத்தை விமர்சித்தார். அதற்காக ஒழுங்கு நடவடிக்கை. 2016-ல்தான் சமரசமாக முடிந்தது. பொய்யர்களுக்காகவா ஒரு நீதிபதி தன் வேலையைப் பணயம் வைப்பார்?

"சட்டம் அப்படி இருந்தது, அதிகாரி என்ன செய்வார்" என்று எழுதியவருக்கு: சட்டம் மாறவே இல்லை. 2009 ஜூன் 2, 3 தேதிகளில் அதே கூட்டாட்சி சமூக நீதிமன்றம் அதே சட்டத்தை எடுத்து வேறு விதமாகப் படித்தது. கெட்டோவுக்குள் வேலை செய்வதா வேண்டாமா என்று ஓரளவு முடிவு கையில் இருந்தால் போதும். கூலி பணமா சாப்பாடா என்பது முக்கியமில்லை, எவ்வளவு குறைவு என்பதும் முக்கியமில்லை, தொழிலாளி கையில் வராமல் யூதர் சபையிடம் போயிருந்தாலும் கூலிதான். இவ்வளவுதான் தீர்ப்பு. உடனே தள்ளுபடி ஆன பல்லாயிரம் கோப்புகளைத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. பதிவு 2009-க்கு முந்தைய எண்ணோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லாமல் விட்டால் அந்தத் தொண்ணூறுக்கு அர்த்தமே மாறிவிடுகிறது.

திரும்ப எடுத்தபோதும் நியாயம் முழுதாகக் கிடைக்கவில்லை. 2003 ஜூன் 30-க்குள் மனுப் போட்டவர்களுக்கு 1997 ஜூலையிலிருந்து பென்ஷன் என்பது சட்டம் கொடுத்த வாக்கு. ஆனால் தவறாகத் தள்ளுபடி செய்ததைத் திருத்தும்போது நான்கு வருட பாக்கி மட்டும்தான் என்று பொதுவான ஒரு விதி உண்டு. அதைக் காட்டி 2005 ஜனவரியிலிருந்துதான் கொடுத்தார்கள். தவறு அலுவலகத்துடையது, நஷ்டம் கிழவருடையது. 2012-ல் நீதிமன்றமும் அந்த விதி செல்லும் என்று சொல்லிவிட்டது.

"அதற்குப் பதிலாக மாதத் தொகை கூடியதே" என்பது அடுத்த வாதம். கூடியது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 65 வயதுக்கு மேல் பென்ஷன் தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதத்துக்கும் 0.5 சதவீதம் கூடும். 1997 ஜூலையிலிருந்து 2005 ஜனவரி வரை 90 மாதம், அதாவது 45 சதவீதம். 1997-ல் 65 ஆனவருக்கு 200 யூரோ பென்ஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2005-ல் தொடங்கினால் 290. இழந்தது 90 மாதம் பெருக்கல் 200, 18,000 யூரோ. மாதம் 90 யூரோ கூடுதலாக வாங்கி அதை ஈடுகட்ட 200 மாதம் வேண்டும், பதினாறு வருடம் எட்டு மாதம். அப்போது அவருக்கு 89 வயது. கெட்டோவில் பட்டினி கிடந்த உடம்போடு 89 வரை இருந்தால் சமன் ஆகும். இதைத்தான் ஈடு என்றார்கள்.

2014-ல்தான் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1997 ஜூலையிலிருந்தே கணக்கிட்டு வாங்கிக்கொள்ள வழி செய்தது. மாதத் தொகை குறையும், ஏற்கெனவே வாங்கியதைக் கழித்துக்கொண்டு பாக்கி மொத்தமாகக் கைக்கு வரும். போலந்தில் வசிப்பவர்கள் அதற்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. எந்த நாட்டில் இருக்கிறாயோ அந்த நாடுதான் பென்ஷன் கொடுக்கும் என்று 1975-ல் போட்ட ஒப்பந்தம் குறுக்கே நின்றது. 2015 ஜூனில்தான் அது விலகியது. கெட்டோ எங்கே இருந்ததோ அங்கேயே தங்கிவிட்டவர்களுக்குக் கடைசி வரிசை. முதல் சட்டம் வந்து பதின்மூன்று வருடம்.

காசாவைப் பற்றி எழுதாமல் இதை ஏன் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். காசாவில் நடப்பதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு. 1942-ல் வைக்கோல் செருப்பு தைத்த பிள்ளையின் கூலி பாக்கியை அந்தக் கணக்கில் கழிக்க முடியாது. இதற்கு மேல் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

மனுக்களை இப்படித் தள்ளுபடி செய்யும் பழக்கம் கெட்டோ பென்ஷனில் தொடங்கியதும் இல்லை, யூதர்களோடு நின்றதும் இல்லை. ஐரோப்பாவில் 'ஜிப்சிகள்' என்று அழைக்கப்பட்ட ரோமா, சிந்தி (Sinti) மக்களைப் பாருங்கள். 1956 ஜனவரியில் ஜெர்மன் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? 1943-க்கு முன் நாஜிகள் அவர்களை நாடுகடத்தியது இனவெறியால் இல்லை, குற்றத்தடுப்பு நடவடிக்கைதான் என்றது. 1940-ல் குடும்பம் குடும்பமாகப் போலந்துக்கு ஏற்றி அனுப்பப்பட்டவர்கள் நஷ்டஈடு கேட்டபோது இந்தத் தீர்ப்பு வாசலில் நின்றது. மனுக்கள் தள்ளுபடி. 1963 டிசம்பரில் நீதிமன்றமே தன் தீர்ப்பைத் திருத்திக்கொண்டது. 1965-ல் மறுபடி மனுப் போடலாம் என்றார்கள். செய்தி எட்டாதவர்கள் எத்தனை பேர், இடையில் செத்தவர்கள் எத்தனை பேர். 1969 டிசம்பர் 31-க்குப் பிறகு அந்தச் சட்டத்தில் புது மனு எதுவும் எடுக்கப்படவில்லை. 2015-ல் அதே நீதிமன்றத்தின் தலைவர் பெட்டினா லிம்பெர்க், 1956 தீர்ப்புக்காக வெட்கப்படத்தான் முடியும் என்று சொன்னார். தீர்ப்புச் சொன்ன நீதிமன்றமே வெட்கப்படுகிறது. அந்தத் தீர்ப்பால் தள்ளுபடி ஆனவர்களின் மனுக்களையும் நாளை யாராவது எண்ணி எடுத்து வந்து, இவர்களும் பொய்யர்கள் என்று எழுதினால், அதற்கும் லைக் போடுவீர்களா?