‘முடியாது’ என்று சொல்கிற லாங்குவேஜ்

“பைத்தான் தெரியும், அடுத்து எதைப் படிக்கலாம்?” புரோகிராமிங் லாங்குவேஜ் பற்றிய இந்தக் கேள்விக்கு வருகிற பதில்களில் முக்கால்வாசி, பதில் சொல்பவர் இப்போது எதில் வேலை பார்க்கிறார் என்பதைத்தான் சொல்லும். ஜாவாக்காரர் ஜாவா என்பார். ரஸ்ட் படித்து ஆறு மாதம் ஆனவர் ரஸ்ட் தவிர வேறெதையும் சொல்லமாட்டார். கேட்டவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

வேலைக்காகக் கேட்பவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம். மூன்று மாதத்தில் இன்டர்வியூ என்றால், அந்த வேலை எந்த லாங்குவேஜைக் கேட்கிறதோ அதைப் படியுங்கள். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஒரு லாங்குவேஜ் கைக்குப் பழகிவிட்டது, அவசரம் ஏதுமில்லை, அடுத்ததை நிதானமாகப் பார்க்கலாம் என்று இருப்பவர்களுக்குத்தான் இந்தப் பதிவு.

அவர்களும் முதலில் ஓடுவது தரவரிசைப் பட்டியலுக்கு. டியோபி பட்டியல், தேடுபொறிகளில் ஒரு லாங்குவேஜின் பெயருக்கு எவ்வளவு முடிவுகள் வருகின்றன என்பதை வைத்துப் போடுவது. புரோகிராமர்கள் கேள்வி பதிலுக்குக் கூடுகிற ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தின் சர்வே, ஒரு லாங்குவேஜைப் பயன்படுத்துகிறவர்கள் அதைத் தொடர விரும்புகிறார்களா என்று கேட்பது. அதில் ரஸ்ட் 2016 முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து முதலிடம். ஆனால் அதே சர்வேயில் ரஸ்ட் எழுதுபவர்களைவிட ஜாவாஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் பல மடங்கு அதிகம். எந்தப் பட்டியலுக்கும் உங்களைத் தெரியாது, அவ்வளவுதான்.

நான் பார்ப்பது ஒன்றே ஒன்று. இந்த லாங்குவேஜ் எதைச் செய்ய விடாது? ஜாவாவிலிருந்து சி ஷார்ப்புக்குப் போனால் கிளாஸ், இன்டர்ஃபேஸ், எக்ஸெப்ஷன், பயன்படாத மெமரியைத் தானே துடைக்கிற கார்பேஜ் கலெக்டர் எல்லாம் அப்படியே கூட வரும். ஒரு வாரத்தில் எழுத ஆரம்பித்துவிடலாம். ஒரு வாரத்தில் பழகிவிட்டது என்றால், உங்கள் மூளைக்குள் எதுவும் இடம் மாறவில்லை என்று அர்த்தம். தினமும் யோசிக்காமல் கை நீட்டி எடுக்கிற கருவியைப் பிடுங்கிக்கொள்கிற லாங்குவேஜ்தான் எதையாவது கற்றுத்தரும்.

அந்த அளவுகோலில் நான் முதலில் சொல்வது, டேட்டாபேஸிடம் பேசுகிற எஸ்.க்யூ.எல். சிரிக்காதீர்கள். “அது எனக்குத் தெரியுமே” என்பவர்களிடம் ஒரு சின்னக் கேள்வி: ஒவ்வொரு கஸ்டமருக்கும் கடைசி ஆர்டரை மட்டும் எடுக்க வேண்டும், எப்படி எழுதுவீர்கள்? நிறையப் பேர் கஸ்டமர் பட்டியலை எடுத்து, ஃபார் லூப் போட்டு, உள்ளே ஒவ்வொருவருக்கும் டேட்டாபேஸுக்கு ஒரு க்வெரி, அதாவது கேள்வி, அனுப்புவார்கள். ஆயிரம் கஸ்டமர் என்றால் ஆயிரத்து ஒரு க்வெரி. லேப்டாப்பில் டெஸ்ட் செய்யும்போது பத்து வரிதான் இருக்கும், சிட்டாகப் பறக்கும். உண்மையான டேட்டா வந்ததும் பக்கம் திறக்காது. உடனே சர்வரைப் பெரிதாக்குங்கள் என்பார்கள்.

எஸ்.க்யூ.எல் உங்களிடமிருந்து பிடுங்குவது லூப்பை. என்ன வேண்டும் என்று மட்டும் சொல்லலாம். எந்த டேபிளை முதலில் படிப்பது, தேடலுக்காக வைத்திருக்கிற இண்டெக்ஸைத் தொடுவதா முழு டேபிளையும் ஓட்டுவதா என்பதெல்லாம் டேட்டாபேஸின் முடிவு. கஸ்டமர் வாரியாகப் பிரித்து, தேதிப்படி இறங்குவரிசையில் எண் போட்டு, ஒன்றாம் எண்ணை மட்டும் எடு என்று ஒரே க்வெரியில் முடிந்துவிடும். இப்படி எண் போடுகிற விண்டோ ஃபங்ஷன்கள் 2003-லேயே எஸ்.க்யூ.எல் தரநிலைக்குள் வந்துவிட்டன. மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூலைட் ஆகிய டேட்டாபேஸ்களுக்கு வர 2018 ஆனது. இன்னும் பல பேர் செலக்ட், வேர், ஜாயின் மூன்றோடு நிறுத்தியிருக்கிறார்கள். ‘எக்ஸ்ப்ளெய்ன்’ போட்டு, டேட்டாபேஸ் தன் க்வெரியை எப்படி ஓட்டப்போகிறது என்று ஒருமுறைகூடப் பார்க்காதவர்கள் புதிதாக எதையும் தேட வேண்டாம். அடுத்த லாங்குவேஜ் ஏற்கெனவே உங்கள் புராஜெக்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. 1970-களில் ஐ.பி.எம்.மில் பிறந்த லாங்குவேஜ், இன்றும் ஏறக்குறைய எல்லா வேலையிலும் தலை காட்டுகிறது. இதைப் படித்தேன் என்று சொன்னால் யாரும் அசந்துபோக மாட்டார்கள், அதுதான் அதன் ஒரே குறை.

சரி, எஸ்.க்யூ.எல் ஆயிற்று. அப்புறம்?

ஒரு லிஸ்டை லூப்பில் ஓட்டிக்கொண்டே, அதே லிஸ்டிலிருந்து சிலவற்றை நீக்குகிறீர்கள். பைத்தானில் இது சத்தமில்லாமல் ஓடும். நடுவில் சிலவற்றைத் தாண்டிவிடும், பிழைச் செய்தி எதுவும் வராது. ஜாவாவில் பெரும்பாலும் ஓடும்போது எக்ஸெப்ஷன் வீசும். சி பிளஸ் பிளஸ்ஸில் ஒரு வெக்டருக்குள் (அங்கே லிஸ்ட் மாதிரி) இருக்கும் பொருளுக்கு ரெஃபரன்ஸ், அதாவது அதன் முகவரி, வைத்துக்கொண்டு, அதே வெக்டரில் இன்னொன்றைச் சேர்த்தால், அது மெமரியில் வேறு இடத்துக்குக் குடிபோயிருக்கலாம். உங்கள் ரெஃபரன்ஸ் காலி வீட்டைக் காட்டிக்கொண்டிருக்கும். சில நாள் வேலை செய்யும், சில நாள் செய்யாது. ரஸ்ட்டில் இந்தக் கோடு கம்பைலே ஆகாது, ஓடுவதற்கு முன்பே கம்பைலர் மறுத்துவிடும். ஒரு பொருளைப் பல பேர் ஒரே நேரத்தில் படிக்கலாம், அல்லது ஒரே ஒருவர் மாற்றலாம், இரண்டும் சேர்ந்து நடக்காது என்பது அதன் விதி. முதல் சில வாரம் கம்பைலரோடு சண்டைதான். ஆனால் ‘இந்த டேட்டா யாருடையது, எப்போது சாகும்’ என்ற கேள்வி அதற்குப் பிறகு எந்த லாங்குவேஜில் எழுதினாலும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கும். ரஸ்ட்டில் ஒரு வரிகூட வேலைக்காக எழுதாவிட்டாலும் இந்த ஒன்றுக்காகப் படிக்கலாம் என்பேன். 2022 டிசம்பரில் வந்த லினக்ஸ் கெர்னல் (அந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப்பகுதி) 6.1-லேயே அதற்கு இடம் கிடைத்துவிட்டது, ஆகையால் வெறும் பொழுதுபோக்கு என்றும் தள்ளிவிட முடியாது.

எர்லாங் என்கிற லாங்குவேஜ் வேறு ஒன்றைப் பிடுங்கும். அங்கே ஒரே நேரத்தில் ஓடுகிற இரண்டு வேலைகள், அதாவது புராசஸ்கள், ஒரே மெமரியில் கை வைக்க முடியாது. ஒன்று இன்னொன்றுக்கு மெசேஜ்தான் அனுப்பலாம். ஒரு புராசஸ் செத்தால் சாகட்டும், மேலே நிற்கிற சூப்பர்வைசர் புதிதாக ஒன்றைக் கிளப்பும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்காக எரிக்சனில் 1980-களில் உருவானது, பின்னால் வாட்ஸ்அப் சர்வர்களைத் தாங்கியது. அதன் எழுத்துமுறை பிடிக்காவிட்டால் எலிக்சர் பக்கம் போகலாம், உள்ளே ஓடுவது அதே இயந்திரம்தான். ஹாஸ்கெல், ஒருமுறை பெயர் கொடுத்த மதிப்பை மாற்றவே விடாது. அதைப் பற்றி நிறையப் பேர் நிறைய எழுதிவிட்டார்கள், நான் சேர்க்க ஒன்றுமில்லை.

கோ லாங்குவேஜ் பற்றிக் கேட்பீர்கள். வெறும் 25 கீவேர்டுகள், எளிது, சர்வர் எழுத அருமை. ஆனால் பைத்தானும் ஜாவாவும் தெரிந்தவருக்குப் புதிதாகக் கிடைப்பது, ஒரே நேரத்தில் பல வேலைகளை ஓட்டுகிற கோருட்டீன்களும் அவற்றுக்கிடையே டேட்டா கடத்துகிற சேனல்களும்தான், மற்றதெல்லாம் ஏற்கெனவே பார்த்தது. பயனுள்ள லாங்குவேஜ் என்பதும் கற்றுத்தருகிற லாங்குவேஜ் என்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. கோ ரசிகர்கள் திட்டலாம், கேட்டுக்கொள்கிறேன்.

சி விஷயத்தில்தான் என் அளவுகோல் கொஞ்சம் தடுமாறும். சி எதையுமே மறுக்காது. பத்து இடம் உள்ள அர்ரேயில் பதினோராவது இடத்தில் எழுதப் போனாலும் தாராளமாக விடும். அது பிடுங்குவது உங்களுக்குப் பின்னால் துடைத்துவிடுகிற ஆளை. மெமரியை நீங்களே வாங்கி நீங்களே திருப்பித்தர வேண்டும். பைத்தானில் லிஸ்ட் என்று சாதாரணமாகச் சொல்வதற்குக் கீழே எவ்வளவு வேலை நடக்கிறது என்று அப்போதுதான் தெரியும். ஒரு மாதம் படித்து, லிங்க்டு லிஸ்டும் ஒரு சின்ன ஹாஷ் டேபிளும் சொந்தமாக எழுதிவிட்டு வெளியே வந்துவிடலாம்.

லாங்குவேஜ் செத்துப்போனால் படித்தது வீணாகிவிடுமே என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பிரவுசரில் அனிமேஷன் ஓட்டிய ஃபிளாஷ் 2020 டிசம்பரோடு மூடப்பட்டபோது அதன் லாங்குவேஜான ஆக்‌ஷன்ஸ்கிரிப்டுக்கும் வேலை போயிற்று, உண்மைதான். ஆனால் கருத்துகள் அவ்வளவு சீக்கிரம் சாவதில்லை. பெயரில்லாத ஃபங்ஷனை 1950-களின் கடைசியிலேயே லிஸ்ப் வைத்திருந்தது. சி பிளஸ் பிளஸ்ஸுக்கு அது 2011-இல் வந்தது, ஜாவாவுக்கு 2014-இல். லிஸ்ப் தெரிந்தவர்கள் அன்று எந்தப் பயிற்சி வகுப்புக்கும் போகவில்லை. ஜாவாஸ்கிரிப்டாக மாற்றி ஓட்டுகிற காஃபிஸ்கிரிப்டை இன்று யாரும் புதிதாகத் தொடுவதில்லை, அதிலிருந்த அம்புக்குறி ஃபங்ஷனோ 2015-இல் ஜாவாஸ்கிரிப்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

இப்போது புதிதாக இன்னொரு கேள்வி: “ஏ.ஐ.யே கோடு எழுதித் தருகிறதே, எதற்கு இன்னொன்று?” எழுத்துமுறையை மனப்பாடம் செய்ய என்றால் தேவையே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேலே சொன்ன லிஸ்ட் கோளாறு உள்ள பைத்தான் கோடை அது எழுதித் தந்தால், கோடு அழகாக ஓடும், டெஸ்டிலும் தப்பிவிடலாம். அதைப் பார்த்ததும் ‘இதென்ன, ஓட்டிக்கொண்டே நீக்குகிறது?’ என்று புருவம் உயர வேண்டும். அந்தச் சந்தேகம், அப்படிச் செய்ய விடாத ஒரு கம்பைலரிடம் திட்டு வாங்கியவருக்குச் சீக்கிரம் வரும்.

கடைசியாக, படிக்கிற விதம். புது லாங்குவேஜில் புது புராஜெக்ட் தொடங்காதீர்கள். தடுமாறும்போது குழப்பம் லாங்குவேஜிலா, எடுத்துக்கொண்ட பிரச்சினையிலா என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த லாங்குவேஜில் நீங்கள் எழுதி முடித்த இருநூறு முந்நூறு வரி புரோகிராம் ஒன்றை எடுத்து, இதில் திரும்ப எழுதுங்கள். லாக் ஃபைலைப் படித்து எண்ணிக்கை சொல்கிற ஸ்கிரிப்ட் மாதிரி ஏதாவது போதும். பழைய கோடை வரிக்கு வரி மாற்ற முயல்வீர்கள், எங்கோ ஓர் இடத்தில் அது மறுக்கும். அதைச் சுற்றிக்கொண்டு போக ஏதாவது குறுக்கு வழி எல்லா லாங்குவேஜிலும் இருக்கும், ரஸ்ட்டில் எல்லாவற்றையும் குளோன் (நகல்) செய்வதுபோல. அந்த வழியில் மட்டும் போய்விடாதீர்கள். அந்த லாங்குவேஜ்காரர்கள் அதே இடத்தை எப்படி எழுதுகிறார்கள் என்று நாலு ஓப்பன் சோர்ஸ் புராஜெக்டுகளைத் திறந்து பாருங்கள்.